மியூசிக்கல் படங்களில் நடிகர்களின் பாட்டையும் ஆட்டத்தையும் எடைபோடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஓடிய ஒரு மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் நாடகம், படமாக வந்தால் போதும், முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. 'பின்னிட்டாங்க' என்று ஒரு கூட்டம், 'இவருக்குப் பாடவே வரல, யார் பாடச் சொன்னது' என்று இன்னொரு கூட்டம். எந்தப் பாட்டில், எந்த இடத்தில், ஏன் என்று கேட்டால் இரண்டு கூட்டத்திடமும் பதில் இருக்காது. நடிகர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துச் செய்கிற வேலை இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தமிழ் ரசிகர்களான நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. பாகவதர், கே.பி.சுந்தராம்பாள் காலத்தில் நடிக்க வருகிறவர்களுக்குக் குரல்தான் முதல் தகுதியாக இருந்தது. அப்புறம் பின்னணி வந்தது, திரையில் வாயசைப்பவர் யாராக இருந்தாலும் காதில் விழுவது டி.எம்.எஸ்., சுசீலா, எஸ்.பி.பி. என்று ஆனது. அப்படிப் பழகிய காதோடு ஒரு ஹாலிவுட் நடிகரின் சொந்தக் குரலைக் கேட்டால் அது சப்பென்றுதான் இருக்கும். அதனால் குரல் இனிமையாக இருக்கிறதா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். நாம் கேட்பது யாருடைய உழைப்பு, அந்தப் பாட்டு அந்தப் பாத்திரத்திடம் என்ன கேட்கிறது, நடிகர் அதைக் கொடுத்தாரா, இந்த வரிசையில் போனால்தான் நியாயமான இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

முதல் படி: அது யார் குரல்?

ஹாலிவுட்டிலும் பின்னணி உண்டு, வெகுகாலம் அதை வெளியே சொல்லாமலே வைத்திருந்தார்கள். 1964-ல் வந்த 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் பாடுவதாக நாம் கேட்பதில் பெரும்பகுதி மார்னி நிக்சன் பாடியது. 1961-ன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும், 1956-ன் 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர்ருக்கும் பாடியவரும் அவரே. அந்தப் படங்கள் வந்தபோது எதிலும் அவர் பெயர் திரையில் வரவில்லை.

நடாலி வுட் விஷயம் இன்னும் வருத்தமானது. அவர் எல்லாப் பாட்டையும் தன் குரலில் பதிவு செய்தார், அந்தப் பதிவுக்கே படப்பிடிப்பில் வாயசைத்தார், படத்தில் தன் குரல்தான் வரும் என்றும் நம்பியிருந்தார். பிறகு நிக்சனை அழைத்து, ஏற்கெனவே படமாகிவிட்ட உதட்டசைவுக்குப் பொருந்தும்படி பாடவைத்தார்கள். ஆகவே அந்தப் படத்தில் எங்காவது உதடும் பாட்டும் ஒட்டாமல் போனால் அந்தக் குறையை நடாலி வுட் கணக்கில் எழுதக்கூடாது.

பல படங்களில் ஒரே பாட்டுக்குள்ளேயே இரண்டு குரல்கள் கலந்திருக்கும். 'மை ஃபேர் லேடி'யில் ஹெப்பர்ன் நடிக்கும் பூக்காரி எலைசா, தனக்குப் பேச்சு கற்றுத்தரும் பேராசிரியர் ஹிக்கின்ஸைக் கோபத்தில் கறுவிக்கொண்டு பாடும் 'ஜஸ்ட் யூ வெயிட்' பாட்டை ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். தொடக்கத்தில் லண்டன் தெருப் பேச்சோடு, கொஞ்சம் கரகரப்பாகப் பொரிந்து தள்ளுவது ஹெப்பர்ன். ராஜாவே தன்னைப் பாராட்டுவதாக எலைசா கனவு காணத் தொடங்கியதும் குரல் மெருகேறி மேலே எழும்புகிறதே, அது நிக்சன். கனவு கலைந்து கோபம் திரும்பும்போது ஹெப்பர்னும் திரும்பிவிடுகிறார். அந்தத் தையலை ஒருமுறை காது பிடித்துவிட்டால் அப்புறம் எந்தப் படத்திலும் பிடித்துவிடும்.

இறுதி டைட்டிலையும் பாட்டு ஆல்பத்தில் இருக்கும் பெயர்களையும் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இது பழைய கதை மட்டும் இல்லை. 2004-ன் 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'வில் கார்லோட்டாவாக வரும் மினி டிரைவருக்குப் படத்துக்குள் பாடியது மார்கரெட் பிரீஸ். ஆனால் கடைசியில் டைட்டில் ஓடும்போது கேட்கும் பாட்டைப் பாடியது மினி டிரைவரேதான். அவருக்கு இன்னொருவர் குரல் கொடுத்தது அவருக்குப் பாடத் தெரியாததால் அல்ல, அந்தப் பாத்திரத்துக்கு ஆபரா பயிற்சி வேண்டும் என்பதால்.

இரண்டாம் படி: எப்படிப் பதிவு செய்தார்கள்?

வழக்கமான முறை நமக்குப் பழகியதுதான். படப்பிடிப்புக்கு முன்பே ஸ்டுடியோவில் பாட்டு பதிவாகிவிடும், தளத்தில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பார்கள். இதில் எந்த வார்த்தையில் தயங்குவது, எங்கே அழுகை வரும் என்பதையெல்லாம் காட்சி எடுப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்னால், ஒரு மைக்கின் முன் நின்றே நடிகர் முடிவுசெய்தாக வேண்டும். அதை மனதில் வைத்துப் பாருங்கள். தளத்தில் உடம்பு ஒரு பக்கமும் பதிவான குரல் இன்னொரு பக்கமும் இழுத்தால், முகம் கதறும்போது குரல் மட்டும் ஸ்டுடியோவில் வசதியாக நின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு முறை, தளத்திலேயே பாடுவது. ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் இதில் முன்னோடி. ஒரு பாட்டை ஒரே மாதிரி இரண்டுமுறை செய்ய வராது என்று சொல்லி வாயசைக்க மறுத்தார், அவருடைய டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்து 'மை ஃபேர் லேடி'யை எடுத்தார்கள். 2012-ல் டாம் ஹூப்பர் 'லே மிசராப்ள்' படம் முழுவதையும் கிட்டத்தட்ட இப்படியே எடுத்தார். நடிகரின் காதில் சின்னக் கருவி, தளத்தின் ஓரத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார், நடிகர் இழுத்தால் பியானோவும் இழுக்கும், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் பிறகு சேர்த்தது. 2024-ன் 'விக்கெட்' படத்தில் சிந்தியா எரிவோவும் அரியானா கிராண்டேவும் பெரும்பாலும் தளத்திலேயே பாடினார்கள். எரிவோ கயிற்றில் தொங்கிப் பறந்துகொண்டே பாடியதெல்லாம் உடல்வலிமையின் உச்சம்.

எந்த முறை என்று கழுத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். நீண்ட சுரம் வரும்போது கழுத்து நரம்பு புடைக்கிறதா, தாடை இறங்குகிறதா, அதற்கு முன் மார்பு ஏறி மூச்சு உள்ளே போகிறதா? இது எதுவும் இல்லாமல் பெரிய சுரம் வந்தால் வாயசைப்பு, அதுவும் அரைகுறை வாயசைப்பு. நல்ல நடிகர் வாயசைக்கும்போதும் சத்தமாகப் பாடிக்கொண்டேதான் வாயசைப்பார், அதனால் கழுத்து உழைக்கும். இன்னொன்று, சுரத்திலிருந்து சுரத்துக்குக் குரல் வழுக்காமல் படி ஏறுவதுபோல் டக் டக்கென்று மாறினால் கணினியில் சுருதி திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

'தளத்திலேயே பாடினார்' என்பது ஒரு தகவல், அதற்காகத் தனி மதிப்பெண் கிடையாது. விளம்பரங்கள் இதைப் பெரிதாகச் சொல்லும், அதில் மயங்க வேண்டாம்.

மூன்றாம் படி: பாட்டு என்ன கேட்கிறது?

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். ஒவ்வொரு பாட்டும் ஒரு பாத்திரத்துக்காக எழுதியது. சிலருக்கு நல்ல குரல் இருப்பதே தவறாகப் போய்விடும்.

ஹிக்கின்ஸ் பேராசிரியர் ராகம் போட்டு உருகுகிறவர் இல்லை, அவருடைய பாட்டுகளைப் பாதி பேச்சாகவே எழுதியிருக்கிறார்கள். ஆகவே ரெக்ஸ் ஹாரிசன் பாடவில்லை, பேசினார் என்று குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. தாளத்தைவிட்டு விலகாமல், வார்த்தைகளை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் அவர் பேசுவதே பெரிய இசைத்திறன்.

இதற்கு எதிர்ப்பக்கம், 2012 'லே மிசராப்ள்' படத்தில் ஜாவராக வரும் ரஸ்ஸல் குரோ. 'லே மிசராப்ள்' விக்டர் ஹியூகோவின் நாவலிலிருந்து வந்தது, நம்மூரில் 1950-ல் 'ஏழை படும் பாடு' ஆன அதே கதை. அதில் ஜாவர் என்ற அந்தப் போலீஸ் அதிகாரியாக நடித்துத்தான் சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமன் ஆனார். அப்படிப்பட்ட பாத்திரம். சட்டத்தில் துளி சந்தேகம் இல்லாத மனிதன், அதனால் 'ஸ்டார்ஸ்' என்ற அவனுடைய பாட்டு நீளமான, அசையாத வரிகளால் ஆனது. ஒவ்வொரு வரியும் தொடங்கிய கனத்திலேயே முடியவேண்டும். குரோவின் சுருதி பலர் சொல்வதுபோல அவ்வளவு மோசமில்லை. அவருடையது ராக் பாட்டுக்குப் பழகிய குரல், வரியின் கடைசி வார்த்தைக்கு வருவதற்குள் காற்று தீர்ந்து கனம் குறைந்துவிடுகிறது. மனதில் சந்தேகமே இல்லாதவனின் குரல் வரிக்கு வரி தளர்ந்தால் பாத்திரம் சரிகிறது, என் குறை அதுதான். அதே பாட்டில் கட்டட விளிம்பில் கால் வைத்து, கீழே பாதாளம் தெரிய அவர் நடப்பதைப் பாருங்கள், அந்தக் கால்கள் ஜாவரைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. உடம்பால் ஜெயித்து மூச்சால் தோற்ற நடிப்பு என்பேன்.

1972-ன் 'கேபரே' இன்னும் சிக்கலான கேஸ். சாலி போல்ஸ், பெர்லினில் ஒரு மலிவான இரவு விடுதியில் பாடும் பெண், தன்னை நட்சத்திரம் என்று நம்புகிறவள், உண்மையில் சுமாரான பாடகி. அந்த வேடத்தில் லைசா மினெல்லி. விடுதியின் கூரையே பெயரும்படி பாடுகிறார், ஆஸ்கரும் வாங்கினார். இவ்வளவு நன்றாகப் பாடுகிறவள் ஏன் இந்தக் குட்டி விடுதியில் கிடக்கிறாள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இயக்குநர் பாப் ஃபாஸி படத்தில் பாட்டுகளை ஒன்று தவிர மற்றதையெல்லாம் விடுதி மேடைக்குள்ளேயே அடைத்துவிட்டார். மேடையில் நிற்கும்போது மட்டும் சாலி தான் நினைக்கிற சாலியாக ஆகிறாள், இறங்கினால் பதறும் குழந்தை. அந்த வித்தியாசத்தை மினெல்லி காட்டுவதால் நான் அவர் பக்கம்.

'சிகாகோ'வில் ரெனே ஜெல்வெகரின் மெல்லிய குரலும் இப்படித்தான். அந்தப் படத்தில் பெரும்பாலான பாட்டுகள் அவர் நடிக்கும் ராக்ஸியின் கற்பனையில் நடப்பவை, அவள் புகழுக்கு ஏங்கும் சாதாரணப் பெண். மெல்லிய குரல் அவளுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் இதையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் மன்னிக்கவும் கூடாது. 2008-ன் 'மம்மா மியா'வில் பியர்ஸ் பிராஸ்னன் 'எஸ்.ஓ.எஸ்.' பாடும்போது குரல் தொண்டையில் சிக்கி முக்குகிறது. இழந்த காதலைப் பற்றிய பாட்டு, பாத்திரம் சாதாரண மனிதன், பாடகனாக இருக்கவேண்டியதில்லை, எல்லாம் சரி. ஆனாலும் தியேட்டரில் ஆட்கள் சிரித்தார்கள் என்றால் பாட்டு தன் வேலையைச் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? இதற்கான பொறுப்பில் பாதி, அவருக்கு வசதியான சுருதிக்குப் பாட்டை இறக்கிக் கொடுக்காதவர்களுடையது.

நான்காம் படி: ஒருமுறை கண்ணை மூடி, ஒருமுறை சத்தத்தை மூடி

ஒரே பாட்டை இப்படி இரண்டுமுறை பாருங்கள். கண்ணை மூடிக் கேட்கும்போது வரியின் தொடக்கத்தைவிட முடிவைக் கவனியுங்கள், குறை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூச்சு அர்த்தம் உடையாத இடத்தில் எடுக்கப்படுகிறதா, வார்த்தை புரிகிறதா? பாட்டும் இசையும் எழுதிய ஸ்டீஃபன் சோன்ட்ஹைமின் 'ஸ்வீனி டாட்' போன்ற மியூசிக்கல்களில் வார்த்தைதான் எல்லாமே. திருமதி லவெட் மாவு பிசைந்து, பூச்சியை அடித்து, புலம்பிக்கொண்டே பாடும் பாட்டில் ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழவேண்டும். 2007 படத்தில் அந்த வேடத்தில் வரும் ஹெலனா போன்ஹாம் கார்ட்டருக்குக் குரல் சின்னதுதான், கை வேலை அசராமல் தாளத்தில் விழுகிறது.

சத்தத்தை மூடிப் பார்க்க நான் சொல்வது 'லே மிசராப்ள்' படத்தில் ஃபான்டீனாக வரும் ஆன் ஹாதவேயின் 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்'. மேடையில் இந்தப் பாட்டு ஃபான்டீன் வேலை இழந்ததும் வருகிறது. படத்தில் அதைத் தள்ளிவைத்து, அவள் தலைமுடியை விற்று, உடலையும் விற்ற பிறகு வைத்தார்கள். இடம் மாறியதும் பாட்டின் குணமே மாறிவிட்டது. மேடையில் அது கலைந்த கனவுக்கான ஏக்கம், இங்கே எல்லாம் முடிந்தவளின் வாக்குமூலம். முடி வெட்டிய தலையோடு அவர் முகம் மட்டும் திரையில் இருக்கிறது, கேமரா கிட்டத்தட்ட நகராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. முதல் வரிகள் முணுமுணுப்பு, நடுவில் எச்சில் விழுங்குகிறார், உச்சத்தில் சுரத்தை முழுதாகப் பிடிக்காமல் கோபத்தில் பிய்த்து எறிகிறார். சத்தமே இல்லாமல் பார்த்தாலும் எந்த வரியில் எது நினைவுக்கு வருகிறது என்று முகத்தில் தெரியும். கடைசி வரிசைவரை கேட்கவேண்டிய மேடைப் பாடகியால் இப்படி முணுமுணுக்க முடியாது. 'மேடையில் இன்னும் அழகாகப் பாடினார்கள்' என்பவர்கள் சொல்வதும் உண்மைதான், ஆனால் இங்கே அழகாகப் பாடியிருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

ஐந்தாம் படி: ஆட்டத்தில் கால் தெரிகிறதா?

ஆட்டத்தை மதிப்பிடுவது பாட்டைவிடச் சுலபம், ஒரு விஷயத்தை மட்டும் பழகிக்கொண்டால் போதும். ஃபிரேமுக்குள் கால் தெரிகிறதா, ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? ஃபிரெட் அஸ்டேர் தன் உடம்பு முழுவதும் ஃபிரேமில் இருக்கவேண்டும், முடிந்தவரை வெட்டக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். மறைக்க அவரிடம் எதுவும் இல்லை. இடுப்புக்கு மேல், கை, தோள், சுழலும் பாவாடை, கூட்டத்தின் ரியாக்‌ஷன் என்று இரண்டு நொடிக்கு ஒருமுறை கட் விழுந்தால் அங்கே ஆடுவது எடிட்டர்.

ஆனால் எல்லா கட்டும் திருட்டு இல்லை. ஃபாஸியின் நடனமே சின்ன அசைவுகளால் ஆனது, உள்நோக்கி மடங்கிய முழங்கால், ஒரு தோள் சுழற்சி, தொப்பி விளிம்பில் ஒரு விரல். அதற்கு குளோசப் தேவை. அசைவு முடிந்தபின் கட் விழுகிறதா, முடிவதற்கு முன்பே விழுகிறதா என்று பாருங்கள். முன்பே விழுந்தால் நடிகரால் முடிக்க முடியவில்லை என்று சந்தேகப்படலாம்.

2002-ன் 'சிகாகோ'வில் மூன்று பேரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ் லண்டன் மேடையில் ஆடி வளர்ந்தவர், முடி முகத்தில் விழுந்து மறைத்தால் டூப் ஆடியதாக நினைத்துவிடுவார்கள் என்று குட்டையாக வெட்டிக்கொண்டவர். அவருடைய அசைவு தோளில் தொடங்கி விரல் நுனிவரை போய்த்தான் நிற்கும். ஜெல்வெகருக்கு அந்தப் பின்னணி இல்லை, அதனால் இயக்குநர் ராப் மார்ஷல் ஆண்கள் கூட்டத்தை வைத்து அவரைத் தூக்கியும் சுமந்தும் கண்ணாடிகளுக்கு நடுவில் நிறுத்தியும் சமாளித்திருக்கிறார், அது நல்ல இயக்கம். வக்கீலாக வரும் ரிச்சர்ட் கியர், ஷூவால் தரையில் தாளம் தட்டி ஆடும் டாப் நடனத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு ஆடினார். அதை நீதிமன்றக் குறுக்கு விசாரணையோடு மாறி மாறி வெட்டியிருப்பதால் அவர் நடனத்தைத் தொடர்ந்து நாம் பார்ப்பதே இல்லை. வக்கீலின் வாய் ஜாலத்துக்குக் கால் ஜாலத்தை இணை வைத்தது அருமையான யோசனை. ஆனால் நடனக் கலைஞராக அவரை எடைபோட அந்தக் காட்சி போதாது.

அடுத்து 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில், அமெரிக்க வாழ்க்கை நல்லதா கெட்டதா என்று வாதாடும் 'அமெரிக்கா' பாட்டு. 1961-ல் ரீட்டா மொரேனோ மொட்டை மாடியில், இரவில். 2021-ல் அரியானா டிபோஸ் பட்டப்பகலில், நடுத்தெருவில். இருவருக்கும் அனிட்டா என்ற இதே பாத்திரத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. டிபோஸின் மஞ்சள் உடைக்குள் இருக்கும் சிவப்புப் பாவாடையைக் கவனியுங்கள். அதை அவர் உதறும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிலடி, வாதத்தில் அவர் ஜெயிக்கிறார் என்பது வார்த்தைக்கு முன்பே துணியில் தெரிந்துவிடும். மொரேனோ கண்ணாலும் இடுப்பாலும் சண்டை போடுகிறார், உதட்டோரத்தில் எப்போதும் ஒரு கிண்டல். யார் மேல் என்று கேட்டால் ஆட்டத்துக்கு டிபோஸ், குறும்புக்கு மொரேனோ. முதல் படியையும் மறக்கவேண்டாம், 'எ பாய் லைக் தட்' பாட்டு மொரேனோவுக்குத் தாழ்வான சுருதி என்பதால் அதில் கேட்பது பெட்டி வாண்டின் குரல்.

தீர்ப்பே சொல்ல முடியாத படங்களும் உண்டு. 2019-ன் 'கேட்ஸ்' படத்தில் லண்டனின் ராயல் பாலே நடனக் குழுவின் முதன்மைக் கலைஞர் ஃபிரான்செஸ்கா ஹேவர்ட் ஆடுகிறார். பூனை வேடம் என்பதால் உடம்பு முழுக்கக் கணினி ரோமம். பாதம் தரையில் அழுந்தும் கனம் தெரியவில்லை, தசை இறுகுவது தெரியவில்லை. அவர் எவ்வளவு நன்றாக ஆடினார் என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லாமல் விடுவதே நேர்மை.

ஆறாம் படி: மேடையோடு ஒப்பிடலாம், அளவோடு

மேடை நடிகர் வாரத்துக்கு எட்டு முறை, ஒரே மூச்சில் பாடி ஆடவேண்டும். படத்தில் திரும்பத் திரும்ப எடுக்கலாம், ஒட்டலாம். 1955-ன் 'கைஸ் அண்ட் டால்ஸ்' படத்தில் மார்லன் பிராண்டோவின் பாட்டுகளைப் பல டேக்குகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டித்தான் உருவாக்கினார்கள். அதனால் ஆடிக்கொண்டே மூச்சு வாங்காமல் பாடுவதைப் படத்தில் பார்த்தால் அதற்காகத் தனியாக வியக்க வேண்டாம்.

மேடையில் ஜெயித்தவர் திரையிலும் ஜெயிப்பார் என்ற உத்தரவாதமும் கிடையாது. பென் பிளாட் 'டியர் இவான் ஹான்சன்' மேடை வேடத்துக்கு 2017-ல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கியவர், 2021-ல் படத்திலும் அவரே. பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பள்ளி மாணவனின் வேடத்தில், குளோசப்பில், வயது தெரிந்துவிட்டது. பத்தாவது வரிசைக்கு எட்டவேண்டிய முகபாவம் பத்து அங்குலத்தில் அதிகமாகத் தெரிகிறது. அதே 2021-ல், அதுவரை பாடகராக அறியப்படாத ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் 'டிக், டிக்... பூம்!' படத்துக்காகப் பாடக் கற்றுக்கொண்டு வந்தார். குரலில் பிளாட்டுக்குப் பக்கத்தில்கூட நிற்கமுடியாது. ஆனால் எந்த இடத்தில் பேச்சு முடிந்து பாட்டு தொடங்குகிறது என்றே தெரியாதபடி அவர் நடிக்கும் மனிதனின் பதற்றம் பாட்டுக்குள்ளும் ஓடுகிறது. நான் கார்ஃபீல்டைத்தான் திரும்பப் பார்ப்பேன்.

ஏழாம் படி: தீர்ப்பை எழுதுவது

குரல், பாத்திரம், ஆட்டம், இயக்குநரும் எடிட்டரும் கொடுத்த உதவி, இந்த நான்கையும் கலக்காமல் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். 'பாடத் தெரியவில்லை' என்று எழுதக் கை வந்தால் நிறுத்தி, எந்தப் பாட்டு, எந்த வரி, சுருதியா, மூச்சா, வார்த்தையா என்று எழுதுங்கள். விருது வாங்கியதை ஆதாரமாக வைக்காதீர்கள். எலைசாவை மேடையில் உருவாக்கிய ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அந்தப் பட வாய்ப்பு தரப்படவில்லை, அதே ஆண்டு வேறொரு படத்துக்கு அவர் ஆஸ்கர் வாங்கினார், ஹெப்பர்னுக்குப் பரிந்துரைகூட வரவில்லை. இதை வைத்து ஹெப்பர்னின் எலைசா மோசம் என்று முடிவுகட்டினால் அவர் தெருப்பூக்காரியாக வரும் முதல் பாதியின் நடிப்பைத் தவறவிடுவீர்கள்.

எழுதுவதற்கு முன் இன்னொருமுறை படத்தைப் போடுங்கள். இந்தமுறை பாடாதவர்களை மட்டும் பாருங்கள். ஒருவர் பாடும்போது எதிரில் நிற்பவர் அந்தப் பாட்டைக் கேட்கிறாரா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறாரா? 'விக்கெட்'டில் கிராண்டே 'பாப்புலர்' பாடி அமர்க்களம் பண்ணும்போது எரிவோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் எரிச்சல், அப்புறம் கூச்சம், அப்புறம் வேண்டாம் வேண்டாம் என்றே மெல்ல ஒரு சிரிப்பு. அந்தப் பாட்டு எடுபடுவதில் சரிபாதி அவருடைய வேலை, உங்கள் விமர்சனத்தில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.